ஈர மிளகும் உல்லாசக் கப்பலும்: மூன்று கொட்டேஷன்களின் கணக்கு

மிளகு வாங்கிப் பழகியவர் முதலில் விலையைக் கேட்பதில்லை. சாக்கின் வாயை அவிழ்த்து, முழங்கை வரை கையை உள்ளே விட்டு, அடியில் இருப்பதில் ஒரு பிடி எடுத்துக் காய்ச்சல் பார்ப்பார். பிறகுதான் "என்ன விலை?" என்பார். கிலோ 1,000 ரூபா என்று வாங்கிய நூறு கிலோ, முற்றத்தில் காய்ந்து தொண்ணூறு கிலோவாக வந்தால், நாம் வாங்கிய விலை 1,000 அல்ல, 1,111 ரூபா. பக்கத்துக் கடைக்காரர் நன்கு காய்ந்ததை 1,080க்கு வாங்கியிருந்தால் அவரே மலிவாக வாங்கியவர். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபிகளார் (ஸல்) கையை விட்டு, மேலே காய்ந்தும் உள்ளே நனைந்தும் இருந்ததைக் கண்டித்த சம்பவம் நாமெல்லாம் ஜும்ஆ மேடையில் பலமுறை கேட்டதுதான்.

மிளகில் நாம் இவ்வளவு கவனம். ஆனால் நமது தொழிலுக்கு வெளியே ஒரு பொருளை வாங்கும்போது அந்தக் கை சாக்குக்குள் போவதே இல்லை. இதை நான் அண்மையில் ஓர் உல்லாசக் கப்பல் பயண விடயத்தில் படித்துக் கொண்டேன். கப்பலில் போகாத வாசகர்களுக்கும் இந்தக் கணக்கு உதவும் என்பதால் விபரமாகவே எழுதுகிறேன்.

பல்லேபொல, மடிபொல பக்கத்து வியாபாரிகள் பதினொரு பேர் சேர்ந்து ஒரு சீட்டுப் பிடிக்கிறோம். கடந்த முறை சீட்டு முடிகின்ற காலத்தில், இளையவர் ஒருவர் புதிய யோசனை கொண்டு வந்தார். "நானா, கப்பல் இப்ப யாழ்ப்பாணத்துக்கே வருதாம். நாங்களும் குடும்பத்தோட ஒருக்காப் போனா என்ன?" அவர் சொன்னது 2023 ஜூன் 16ஆம் திகதி காங்கேசன்துறைக்கு வந்த எம்பிரஸ் என்ற கப்பலை. இந்தியாவின் கோர்டிலியா நிறுவனம் அவ்வருடம் ஜூன் 5ஆம் திகதி சென்னையிலிருந்து ஆரம்பித்த பயணச் சேவை அது. ஹம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை மூன்றையும் தொட்டுச் சென்றது. தொலைக்காட்சியில் காட்டினார்கள், நமது ஊரிலும் அதுவே பேச்சானது.

ஆனால் அக்கப்பல் சென்னையில் தொடங்கிச் சென்னையில் முடிகின்ற பயணம். கொழும்புத் துறைமுகத்துக்கு வருகின்ற பெரிய கப்பல்களும் பெரும்பாலும் காலையில் வந்து மாலையில் போய்விடுகின்றன. அவற்றில் வருகின்றவர்கள் வேறு நாட்டில் ஏறியவர்கள். ஆகவே நமக்கு வசதியான ஏறுதுறை சிங்கப்பூர்தான் என்று முடிவாயிற்று. விமானத்தில் ஏறக்குறைய நான்கு மணித்தியாலம். கணக்கு எழுதுகின்ற பழக்கம் உள்ளவன் என்பதால் விலை விசாரிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. மதுவும் சூதாட்டமும் உள்ள கப்பலில் ஏறலாமா என்ற கேள்வியை மௌலவி ஒருவரிடம் விட்டுவிட்டோம். அது எனது வேலையல்ல. எனது வேலை பதினொரு பேரின் பணம் என்கிற அமானிதம்.

மூன்று முகவர்களிடமிருந்து மூன்று கொட்டேஷன்கள் வந்தன. மூன்றும் வெவ்வேறு கப்பல் கம்பனிகள். காகிதம் முகவருடையது என்பதால் கம்பனிகளின் பெயரை இங்கு எழுதவில்லை. விளங்குவதற்காக எண்களையும் சற்று முழுமையாக்கியே தருகிறேன். எல்லாம் தலைக்கு, அமெரிக்க டொலரில், விமானச் சீட்டு சேராமல்.

முதலாவது 320 டொலர், மூன்று இரவு. இரண்டாவது 590 டொலர், நான்கு இரவு, எல்லாம் அடக்கம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். மூன்றாவது 460 டொலர், நான்கு இரவு.

சீட்டுக் கூட்டத்தில் தாளை விரித்தவுடன் எட்டுக் கைகள் 320ஐத்தான் காட்டின. யோசனை கொண்டு வந்த இளையவர் கல்குலேட்டரை எடுத்து, டொலர் 300 ரூபா என்று பெருக்கி, "தலைக்கு 96,000. பெண்சாதியோட 192,000. முடிஞ்சுது" என்றார். இரவு ஒன்றுக்கு வகுத்துப் பார்த்தாலும் முதலாவதே மலிவு: ஏறக்குறைய 107 டொலர். மூன்றாவது 115, இரண்டாவது 147.50.

ஒரு வாரம் தவணை கேட்டேன்.

கப்பல் கட்டணத்தில் முதலில் பார்க்க வேண்டியது துறைமுகக் கட்டணமும் வரியும். கப்பல் தொடுகின்ற ஒவ்வொரு துறைமுகமும் தலைக்கு இவ்வளவு என்று அறவிடுகிறது. அதைப் பயணக் கட்டணத்தோடு சேர்த்துக் காட்டுவதா, கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் போடுவதா என்பதில்தான் வித்தியாசம். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 2024 ஜூலை 1 முதல் கட்டாயக் கட்டணங்களை மறைத்து விலை விளம்பரம் செய்யக் கூடாது என்று சட்டம் வந்த பின்னர்தான் பெரிய கப்பல் கம்பனிகள் அந்நாட்டில் முழுத் தொகையை முன்னால் போடத் தொடங்கின. நமக்கு வருகின்ற கொட்டேஷனுக்கு அப்படியொரு சட்டம் காவல் இல்லை. முதலாவது தாளில் இந்தக் கட்டணம் சேரவில்லை. கேட்டேன், 90 டொலர் என்றார்கள். மற்ற இரண்டிலும் சேர்ந்திருந்தது.

அடுத்தது சேவைக் கட்டணம். பெயர் சந்தோஷம் என்றாலும் நாம் விரும்பிக் கொடுக்கின்ற சந்தோஷம் அல்ல. நாளொன்றுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கப்பல் கணக்கில் தானாகவே ஏறிவிடும். உதாரணமாக, ரோயல் கரிபியன் நிறுவனம் 2023 நவம்பரில் இதைச் சாதாரண அறைகளுக்கு நாளொன்றுக்கு 18 டொலராக உயர்த்தியது. குழந்தைக்கும் அதே தொகை. நான்கு பேர் குடும்பம் நான்கு இரவு போனால் 288 டொலர். அதை எங்கள் இளையவர் கல்குலேட்டரில் போட்டிருக்கவே இல்லை. எங்கள் முதலாவது கொட்டேஷனில் இது நாளுக்கு 18 டொலர், மூன்றாவதில் 15, இரண்டாவதில் அடக்கம்.

பிறகு சாப்பாடு. கப்பலில் சாப்பாடு இலவசம் என்பார்கள். உண்மைதான், பொது உணவுக்கூடத்தில். அங்கே ஹலால் இறைச்சிக்கு உத்தரவாதம் இல்லையென்றால் நாம் மீனும் மரக்கறியும்தான். பிள்ளைகள் மூன்றாம் நாள் முகத்தைத் திருப்பும். காசு கொடுத்துச் சாப்பிடும் உணவகத்தில் ஹலால் கிடைக்கிறதா என்று தேடுவோம். அதற்கு நாளுக்குப் 12 டொலர் என்று ஒரு மதிப்பு வைத்தேன். மூன்றாவது கப்பலில் ஹலால் சமையலறை தனியாக இருந்தது. அதற்கு மேலதிகம் இல்லை.

இப்போது காயவைத்த நிறையைப் பாருங்கள். முதலாவது: 320, துறைமுகம் 90, சேவை 54, சாப்பாடு 36. மொத்தம் 500 டொலர். மூன்று இரவால் வகுத்தால் இரவுக்கு ஏறக்குறைய 167. இரண்டாவது: 590, சாப்பாடு 48. மொத்தம் 638, இரவுக்கு 159.50. மூன்றாவது: 460, சேவை 60. மொத்தம் 520, இரவுக்கு 130. தாளில் ஆக மலிவாக இருந்தது காய்ந்த பின் ஆக விலை கூடியதாகிவிட்டது. 96,000 ரூபா என்று நினைத்த தலைக்கணக்கு 150,000. கணவன் மனைவி இருவருக்கும் 108,000 ரூபா வித்தியாசம். நமது பக்கத்தில் ஒரு சிறிய கடைக்கு அது ஒரு மாத வாடகைக்கும் சம்பளத்துக்கும் மேல்.

இரவுகளின் எண்ணிக்கையிலும் ஒரு சூட்சுமம் உண்டு. மூன்று இரவுப் பயணத்தை நான்கு நாள் என்று விளம்பரம் செய்வார்கள். முதல் நாள் பின்னேரம் ஏறி, கடைசி நாள் காலையில் இறங்குகிறோம். முழுதாக அனுபவிப்பது இரண்டே நாள். நான்கு இரவில் மூன்று முழு நாள். இந்த வகையில் வகுத்தால் முதலாவதின் நிலை இன்னும் மோசம்.

இரண்டாவது கொட்டேஷனைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். "எல்லாம் அடக்கம்" என்ற சொல்லில் நாமெல்லாம் மயங்குவோம். அடக்கம் எது என்று பார்த்தால் ஆகப் பெரிய பங்கு மதுபானப் பொதி. முகவர் அதன் பெறுமதி நாளுக்கு 50 டொலர் என்று பெருமையாகச் சொன்னார். குடிக்கின்றவருக்கு 590 டொலர் நல்ல பேரம்தான்; நான் மறுக்கவில்லை. நமக்கு அது தொடாமலே விட வேண்டிய சரக்கு. "நாங்கள் யாரும் குடிப்பதில்லை. அதைக் கழித்து விலை போடுங்கள்" என்றேன். கழிக்க முடியாது என்றார்கள். இதே போன்ற இன்னொரு வழக்கமும் உண்டு: பல கம்பனிகளில் ஓர் அறையில் வளர்ந்தவர் ஒருவர் மதுப் பொதி வாங்கினால் அதே அறையிலுள்ள மற்ற வளர்ந்தவரும் வாங்க வேண்டும். ஒரே பொருளின் பெறுமதி வாங்குகின்றவரைப் பொறுத்து மாறும் என்பதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை. நமது பாவனையில் இல்லாத ஒன்றை இலவசமாகத் தந்தால் அதன் பெறுமதி பூச்சியம். அதற்காக நமது பையிலிருந்து போகின்ற காசு மட்டும் பூச்சியம் அல்ல.

தனியாக வருபவர் விடயம் இன்னொன்று. எங்கள் குழுவில் மனைவியை இழந்த ஹாஜியார் ஒருவர் இருக்கிறார். தலைக்கு என்று எழுதுகின்ற விலை, இருவர் ஓர் அறையில் தங்குவதாக வைத்தே போடப்படுகிறது. தனியாளாக ஓர் அறை எடுத்தால் பெரும்பாலும் இரண்டாம் ஆளின் கட்டணத்தையும் சேர்த்தே கட்ட வேண்டும். அதே அறையில் மூன்றாவது, நான்காவதாகப் பிள்ளைகளைச் சேர்த்தால் அவர்களுக்கு விலை குறையும். ஆகவே ஹாஜியாருக்கு ஒரு விலை, நான்கு பிள்ளைக்காரருக்கு வேறு விலை. பதினொரு பேருக்கும் ஒரே தலைவரி போட்டுப் பிரிப்பது நியாயமாகாது.

இவ்வளவு குறைந்த விலைக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது என்று ஒருவர் கேட்டார். பெரிய கப்பல் கம்பனிகளின் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கப்பலுக்குள் செலவழிக்கப்படுகின்ற காசிலிருந்து வருகிறது: மது, சூதாட்டம், கரைச் சுற்றுலா, இணைய வசதி, புகைப்படம். பெருநாள் காலத்தில் மாத்தளைப் புடவைக் கடை வாசலில் ஒரு சாரியை அடக்க விலைக்கும் கீழே தொங்க விடுகிறார்களே, அதே வியாபாரம். டிக்கட் என்பது வாசலில் தொங்குகின்ற சாரி. குடிக்காத, சூதாடாத நாம் கவனமாக இருந்தால் இந்த ஏற்பாட்டில் லாபம் நம் பக்கம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மற்றவர்கள் உள்ளே செலவழிப்பதால்தான் நமது டிக்கட் மலிவாகிறது.

போட்டிக் கம்பனிகள் என்று நாம் நினைப்பவை உண்மையில் போட்டியாளர்கள்தானா என்றும் பார்க்க வேண்டும். கார்னிவல், பிரின்சஸ், கொஸ்டா, குனார்ட், பி அன்ட் ஓ எல்லாம் ஒரே கார்னிவல் கூட்டுத்தாபனத்தின் கீழ் உள்ளவை. ரோயல் கரிபியன், செலிபிரிட்டி, சில்வர்சீ மூன்றுக்கும் ஒரே சொந்தக்காரர். பெயர்ப் பலகை இரண்டு, காசுப் பெட்டி ஒன்று. அப்படியான இரண்டு கடையில் விலை கேட்டுவிட்டு இரண்டு இடத்தில் விசாரித்ததாக நாம் திருப்திப்படுகிறோம்.

விலைப் போட்டி என்றதும் எனக்குக் கொழும்பு, தூத்துக்குடிக் கப்பல் பாதைதான் ஞாபகம் வரும். 1906 ஒக்டோபரில் வ. உ. சிதம்பரம்பிள்ளை சுதேசி ஸ்டீம் நவிகேஷன் கம்பனியைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து லட்சம் ரூபா, பங்கு ஒன்று 25 ரூபா. ஹாஜி முகமது பக்கீர் சேட் என்ற முஸ்லிம் வணிகர் மட்டும் 8,000 பங்குகளை, அதாவது இரண்டு லட்சம் ரூபாவுக்கு வாங்கினார். மூலதனத்தில் ஐந்தில் ஒன்று! நமது சமூகத்தவர் இதை அதிகம் பேசுவதில்லை. அதுவரை அந்தப் பாதையில் ஆதிக்கம் செலுத்திய பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நவிகேஷன் கம்பனி கட்டணத்தை ஒரு ரூபாவாகக் குறைத்தது. சுதேசி அரை ரூபாவாக்கியது. பிரிட்டிஷ் கம்பனி இறுதியில் இலவசமாகவே ஏற்றி, கையில் ஒரு குடையும் கொடுத்ததாக வரலாறு எழுதியவர்கள் குறிப்பிடுகின்றனர். அன்றைய பிரயாணிக்கு அதைவிட மலிவு உண்டா? 1908 மார்ச்சில் சிதம்பரம்பிள்ளை கைது செய்யப்பட்டார். 1911இல் சுதேசிக் கம்பனி கலைக்கப்பட்டது. போட்டியாளர் போன பிறகு குடை கொடுக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை. அந்தப் பிரிட்டிஷ் கம்பனி 1914இல் பி அன்ட் ஓவுடன் இணைந்தது. பி அன்ட் ஓ என்ற பெயரைத்தான் மேலே கார்னிவலின் பட்டியலில் பார்த்தோம்.

மலிவு விலை தருகின்ற கம்பனி நாளைக்கும் நிற்குமா என்ற கேள்வி பழைய கதையல்ல. கெண்டிங் ஹொங்கொங் என்ற குழுமம் ஜெர்மனியில் ஒரே தளத்தில் இரண்டு கப்பல்களைக் கட்டியது: 2016இல் கெண்டிங் ட்ரீம், 2017இல் வேர்ல்ட் ட்ரீம். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 150,000 தொன். கொரோனாக் காலத்தில் கடன் முட்டி, 2022 ஜனவரியில் அக்குழுமம் கலைப்புக்கு விண்ணப்பித்தது. அதன் இன்னொரு கிளையான கிறிஸ்டல் கம்பனியின் கப்பலொன்று, எரிபொருள் பாக்கிக்காகக் கைப்பற்றும் உத்தரவு இருந்ததால், பயணிகளோடு மியாமிக்குப் போகாமல் பஹாமாஸ் பக்கம் திரும்பியது. முற்பணம் கட்டியிருந்தவர்கள் கடன்காரர் வரிசையில் நின்று உரிமை கோர வேண்டியதாயிற்று.

அந்த இரட்டைக் கப்பல்களின் பிந்திய கதை இன்னும் சுவையானது. கெண்டிங் ட்ரீம் 2022 ஜூனில் ரிசோர்ட்ஸ் வேர்ல்ட் குரூஸஸ் என்ற புதிய கம்பனியின் பெயரில் சிங்கப்பூரிலிருந்து மீண்டும் ஓடத் தொடங்கியது. வேர்ல்ட் ட்ரீம் சவூதி அரேபியா சென்று அரோயா என்று பெயர் மாறி, 2024 டிசம்பரில் ஜித்தாவிலிருந்து பயணத்தை ஆரம்பித்தது. அதில் மதுவும் இல்லை, சூதாட்டமும் இல்லை. ஒரே தளத்தில் பிறந்த ஒரே அளவான இரண்டு கப்பல். இரும்பின் பெறுமதி ஒன்றுதான். உள்ளே என்ன விற்கிறார்கள், யாருக்கு விற்கிறார்கள் என்பதில் இரண்டும் வேறு வேறு சரக்கு. எங்களில் ஒருவர் ஜித்தாக் கப்பலையே பார்க்கலாம் என்றார். எனக்கும் ஆசைதான். ஆனால் கொழும்பிலிருந்து ஜித்தாவுக்கு விமானச் சீட்டைச் சேர்த்தவுடன் கணக்கு இளைஞர்களின் எல்லையைத் தாண்டிவிட்டது. அந்தச் செலவில் உம்ராவைத் தனியாக நிய்யத் வைப்பதே மேல் என்று ஹாஜியார் சொல்லிவிட்டார்.

இனி, கூட்டத்தில் உண்மையாகவே சூடு பிடித்த விடயம். விலை அல்ல, பணம் கட்டும் திகதி.

கப்பல் புறப்படுவதற்கு 90 நாட்களுக்கு முன் முழுத்தொகையும் கட்ட வேண்டும் என்று மூன்றாவது கொட்டேஷனில் இருந்தது. நாள்காட்டியில் பின்னோக்கி எண்ணினேன். அந்தத் திகதி நேராக மிளகுப் பருவத்தின் வாயில் விழுந்தது. இரண்டு பேருக்கு 1,040 டொலர், மூன்று லட்சத்துப் பன்னீராயிரம் ரூபா. பருவத்தில் அந்தப் பணம் நமது கையில் சும்மா இருப்பதில்லை. மிளகாகி, மாத்தளைக்குப் போய், பணமாகி, மறுபடி மிளகாகும். அந்த நேரத்தில் அதை வெளியே எடுத்தால், வாங்க வேண்டிய சரக்கைப் பக்கத்துக் கடைக்காரர் வாங்கிக் கொள்வார். கப்பலின் விலையில் இந்த இழப்பையும் சேர்க்க வேண்டுமா இல்லையா? கடனட்டையில் தவணையாகக் கட்டலாம் என்று ஒருவர் சொன்னார். வட்டி சேருகின்ற தவணை என்று தெரிந்ததும் அவரே பேச்சை விட்டுவிட்டார்.

டொலரில் போட்ட விலை என்பதையும் மறக்கக் கூடாது. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. 500 டொலர் பாக்கி வைத்திருந்தவருக்கு இரண்டு மாதத்தில் 100,000 ரூபா 180,000 ஆனது. கப்பல் கம்பனி ஒரு சதமும் கூட்டவில்லை.

மூன்றாவது முகவரிடம் போய், பருவம் முடிந்த பிறகு பணம் கட்டுவதுபோல் திகதியைத் தள்ளித் தர முடியுமா என்று கேட்டேன். முடியும், ஆனால் அது பாடசாலை விடுமுறைக் காலம், தலைக்கு 40 டொலர் கூடும் என்றார். 560ஐ நான்கால் வகுத்தேன்: 140. இன்னமும் முதலாவதின் 167ஐ விடக் குறைவு. பிள்ளைகளுக்கும் லீவு. முற்பணத்தை எந்தத் திகதி வரை முழுதாகத் திரும்பப் பெறலாம், கம்பனி கப்பலை நிறுத்தினால் பணத்தைத் தருவது முகவரா கம்பனியா, திருப்பித் தருவது பணமா வவுச்சரா என்ற மூன்றையும் எழுத்தில் வாங்கினேன். முதலாவது முகவரிடமும் இதே மூன்றையும் கேட்டிருந்தேன். "பிரச்சினை வராது நானா" என்று தொலைபேசியில் சொன்னார். எழுதித் தரவில்லை.

பதினொரு பேரில் ஏழு குடும்பம் சம்மதித்தது. நான்கு பேர் சீட்டுப் பணத்தை மிளகுக்கே வைத்துக் கொண்டனர். அந்த நால்வரில் முதலாமவர் யார் தெரியுமா? கப்பல் யோசனையைக் கொண்டு வந்த அதே இளையவர்தான். 192,000 என்றால் போயிருப்பாராம். முழுக் கணக்கைப் பார்த்த பிறகு அவருக்கு இந்த வருடம் முடியாது. அதை மறைக்காமல் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது.

நாங்கள் முற்பணம் கட்டிய அன்று மாலை அவர் என் கடைக்கு வந்தார். சாக்கு ஒன்றின் மேல் உட்கார்ந்து தேநீர் குடித்து முடித்துவிட்டு, "நானா, அந்த முந்நூற்றி இருபது டொலர்க் கொட்டேஷனையும் உங்கட கணக்குத் தாளையும் ஒருக்காத் தாங்க" என்று கேட்டார். எதற்கு என்றேன். கலேவெலயில் இருக்கும் அவருடைய மச்சான் அதே கப்பலுக்கு நாளைக்குப் பணம் கட்டப் போகிறாராம்.